நீர்மட்டம்

பத்தாம் தேதி. மஸ்கெலியா வங்கி வாசலில்
எட்டு மணிக்கே நாற்பது குடை.
மழை இல்லை. இருந்தாலும் குடை.
இந்த ஊரில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை,
விலையும்.

முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில்
கம்பிக் கூண்டுக்கு உள்ளே இருந்தவள் நான்.
அடுத்தவர் பென்சனை எண்ணி நீட்டி
"எண்ணிப் பாத்துட்டு நகருங்க" என்று அதட்டியவள்.
இப்போது எண்ணிப் பார்க்கிறேன்,
நகர மனம் வரவில்லை.

முதல் பென்சன், இரண்டாயிரத்து மூன்றில்,
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.
ரூபாயில் நான் கணக்கு வைப்பதில்லை,
அது முகத்துக்கு நேரே பொய் சொல்லும்.
எரிவாயுச் சிலிண்டரில் வைக்கிறேன்.
அன்றைக்குப் பதினெட்டு சிலிண்டர்.
போன மாதம் பத்து.
நடுவில் அந்த ஒரு வருடம் ஆறு.
அந்த ஆறும் காகிதத்தில்தான்;
வெறுஞ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி
வரிசையில் நிற்க விட்டுவிட்டு
வீட்டுக்கு வந்து
தேயிலை மிலாறு எரித்துக் கஞ்சி வைத்தேன்.
புகையில் கண் கலங்கியது.
புகையில்தான்.

இடையில் படி கூட்டினார்கள்.
வாழ்க்கைச் செலவுப் படி.
படி என்றால் ஏறுவதற்கு என்றுதான்
பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

இன்று காசாளர் பிள்ளை
புத்தகங்களை மாற்றித் தந்துவிட்டாள்.
என் கையில் சவரிமுத்துவின் புத்தகம்.
பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
என்னைவிட நாலாயிரத்து நூறு அதிகம்.

சவரிமுத்து எங்கள் கந்தோர்ச் சேவகர்.
பை தூக்கியவர். நான் எழுதியவள்.
ஒன்பதே காலுக்கு வந்த நாட்களில்
அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையால்
எத்தனை கோடு இழுத்திருக்கிறேன்!
ஓய்வு பெறுவதிலும் அவர் பிந்தித்தான் வந்தார்,
புதிய சுற்றறிக்கைக்குப் பிறகு.
நான் ஒரு நாளும் பிந்தியதில்லை.
அதுதான் பிழை.

"அம்மா, அது வந்து..." என்று
களவு பிடிபட்டவர் போலத் தலையைச் சொறிந்தார்.
"ஆறு வருசமா மனு குடுக்கிறாங்க,
உங்களுக்கும் கூட்டுவாங்க அம்மா."
"நீங்க என்ன, உங்க பையிலயா
ஒளிச்சி வச்சிருக்கீங்க" என்றேன்.
சிரித்தார். தேத்தண்ணிக் காசு தானே தருவதாக
அடம்பிடித்தார். விட்டுக் கொடுத்தேன்.
கூடவே ஒரு மாலு பணிசும் கேட்டு வாங்கினேன்.
இரண்டாவது பணிஸ்
நிலுவைக் கணக்கில்.

பஸ் நிலையத்தில் செவனம்மா நின்றாள்.
பத்தாம் தேதி இல்லாதவள்.
நாற்பது வருடக் கொழுந்துக்கு
ஈ.பி.எப். காசு ஒரே தடவையாக வந்தது.
லயத்துக்கு ஏழு தகரம்,
மகன் கட்டாருக்குப் போக ஏஜென்சிக்காரனுக்குப் பாதி,
மிச்சத்துக்கு ஒரு கொடித்தோடு.
தோடு இப்போது அடகுக் கடையில்;
தகரம் மட்டும்
ராத்திரி மழைக்குப் பேசுகிறது.

பஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டித் திரும்பியது.
கோடை. தண்ணீர் கீழே இறங்கி
முழுகிய பழைய ஊரின் கோயில்
சேறு பூசிய தோளோடு வெளியே நின்றது.
போனில் படம் பிடிக்க
ஆட்கள் ஒருபக்கம் சாய்ந்தார்கள்.
நான் என் புத்தகத்தைத் திறந்தேன்.
வருடத்துக்கு வருடம் இலக்கம் ஏறித்தான் இருக்கிறது,
ஒரு தடவைகூட இறங்கவில்லை.
கீழே கிடக்கிறது
பதினெட்டு சிலிண்டர்,
கிழமைக்கு ஒருமுறை மீன்,
கண்டிக்குப் போய்க் கண் காட்டிய காலம்.

"அக்கா, இந்தக் காசு மாசாமாசம் வருமா?"
"வரும்."
"சாகிற மட்டும்?"
"சாகிற மட்டும். வருசத்துக்கு ஒருக்கா
உயிரோட இருக்கேன்னு
ஜீ.எஸ். ஐயாகிட்ட கையெழுத்து வாங்கணும்."

செவனம்மா வெற்றிலையை
ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.
"என்னைய ஒருத்தரும் அத கேட்டதே இல்லையே"
என்றாள்.

கண்டக்டர் வந்தான்.
இரண்டு டிக்கட் எடுத்தேன்.
மிச்சம் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.